கணக்குப் பாடத்தில் வளர்ந்தவள்

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் வந்த அறிவித்தலை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பார்த்ததோடு விட்டீர்களா, வரிசையாகக் கட்டைவிரலை வேறு உயர்த்திக் காட்டியிருந்தீர்கள். பூப்போட்டவர்கள் யார், கும்பிட்டவர்கள் யார், 'காலத்துக்கேற்ற பணி' என்று எழுதியவர் யார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். நம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சிறுவர் அறநிலையம் வரப்போகிறதாம். புத்தகப் பையைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிற வேலை இல்லையாம். கணிதம், தமிழ், சித்திரம், சுகாதாரம், சமயம் என்று எல்லாப் பாடத்துக்குள்ளும் அந்த உதவியைக் கலந்து கற்பிக்கப் போகிறார்களாம். நான் பதுளையில் இத்தனை வருடம் ஆசிரியையாக இருந்தவள் என்பதால் பாடத்திட்டம் எழுதித் தரும்படி இப்போதைய அதிபர் என்னைத்தான் கேட்டிருக்கிறார். படித்ததும் எனக்குக் குமட்டியது. பேச்சுக்குச் சொல்லவில்லை. எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்துதான் உட்கார்ந்தேன்.

உங்களுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. அறுபது தாண்டிவிட்டால் மறதிக்கு நல்ல சாக்கு கிடைத்துவிடும். எனக்கு மறக்கவில்லை. நாம் ஐந்தாம் வகுப்பில் இருந்த அந்த மழைக்காலத்தில் இதே வேலையை, இதைவிடத் திறமாகச் செய்து முடித்தவர்கள் நாம். யார் யார் என்ன செய்தோம் என்று ஒன்று விடாமல் சொல்கிறேன். படித்துவிட்டு அப்புறம் விரலை உயர்த்துவதா மடக்குவதா என்று யோசியுங்கள்.

ஏழைப் பிள்ளைகளுக்கு உதவுகிற அந்த வெளிநாட்டுச் சங்கம் ஒரு ஜீப்பில் வந்தது. பூனாகலைப் பக்கத்து மலையில், தேயிலைக்கு நடுவே, தகரக் கூரை போட்ட ஒரே மண்டபம்தான் நம் பள்ளிக்கூடம். வகுப்புகளுக்கு நடுவில் சுவர் கிடையாது. ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் அடுத்த வகுப்பும் வாயைத் திறந்துவிடும். ஜீப்பிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாவும், பதுளை அலுவலகத்தில் வேலை செய்த சங்கத்து ஐயாவும் இறங்கினார்கள். சங்கத்து ஐயா தமிழர்தான், கழுத்தில் கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. நம் ஒவ்வொருவரையும் சுவரோரம் நிறுத்தி, பெயரும் எண்ணும் எழுதிய சிலேட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார். நம்மில் அநேகம் பேருக்கு வாழ்க்கையில் முதல் படம் அதுதான். அதை நமக்கு யாரும் காட்டவில்லை. அது கடல் தாண்டிப் போய், அதைப் பார்த்து இரக்கப்பட்டவர்கள் ஆளுக்கொரு பிள்ளையைப் பொறுப்பெடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு சீமையம்மா, உங்களுக்கு ஒரு சீமையம்மா என்று பேசிக்கொண்டோமே, அதுதான்.

பிறகு பிஸ்கட் வந்தது. பெரிய சதுரத் தகர டின். மூடியைத் திறந்தால் பழைய கோதுமை மாவும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாசம் எழும்பும். ஒரு நாளைக்கு இரண்டு. கடித்தால் பல் ஈறில் ஒட்டிக்கொண்டு சாயங்காலம் வரை போகாது. பால் மாவை வாளியில் கரைத்து ஊற்றுவார்கள். மேலே படிகிற ஆடையை விரலால் வழித்துப் பக்கத்துப் பிள்ளையின் கழுத்தில் தடவிச் சிரிப்போம். அந்த ஆடையின் வழுவழுப்பு இன்றைக்கும் என் விரலில் இருக்கிறது.

நம் பெரிய சேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளை நீளக்கைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, பிரம்பைக் கையில் எடுக்காத அதிபர். சங்கத்தின் உதவியைப் பாடங்களோடு தொடர்புபடுத்திக் கற்பித்தால் நல்லது என்று சங்கத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. மனுஷன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கணக்கில் பிஸ்கட்டைக் கூட்டிக் கழித்தோம். புவியியலில் சீமையம்மாக்களின் ஊர்களைப் படத்தில் குறித்தோம். சித்திரத்தில் 'எனக்கு உதவுகிறவர்' வரைந்தோம். சுகாதாரத்தில் நம்மையே நிறுத்து, அளந்து எழுதினோம். சமயப் பாடத்தில் அவர்களுக்காகக் கண்ணை மூடிக்கொண்டோம். அவர் ஒரு பிஸ்கட்டைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போனவர் இல்லை. எனக்கு அதுதான் இன்னும் அருவருப்பாக இருக்கிறது. திருடனாக இருந்திருந்தால் நன்றாகத் திட்டிவிட்டு அந்தாளை மறந்திருப்பேன்.

தமிழ்ப் பாடம் கடிதம் எழுதுவது. மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை சேர் கரும்பலகையில் எழுதிப்போடுவதை நாம் பார்த்து எழுத வேண்டும். நோய் நொடி எழுதக்கூடாது. எதுவும் கேட்கக்கூடாது. மழை பெய்தால் 'நல்ல மழை பெய்கிறது' என்று எழுத வேண்டும். கீழே ஒரு தேயிலைச் செடியும் சிரிக்கிற சூரியனும். அதைச் சங்கத்து ஐயா ஆங்கிலத்தில் மாற்றி அனுப்புவார். இதற்கு அடங்காதவள் ஒருத்தி இருந்தாள், என் கூட்டாளி, பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பிள்ளை, வாங்கில் என் வலது பக்கத்தில் உட்கார்ந்தவள். அவள் ஒரு தடவை பலகையைப் பார்க்காமல், 'எங்க காம்பரா கூரை ஒழுகுது, ஒங்க வீடும் ஒழுகுமா' என்று எழுதிவிட்டாள்.

"இதெல்லாம் எழுதப்படாது புள்ள," என்றார் சேர்.

"அவங்கதானே சேர் மொதல்ல கேட்டாங்க, ஒங்க வீடு எப்புடின்னு?"

"கேட்டா? நல்லா இருக்குன்னு எழுது."

"அப்புறம் எதுக்கு சேர் நமக்கு உதவி செய்யிறாங்க?"

வகுப்பே சிரித்தது. சேருக்கும் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார். அழிப்பானால் தேய்த்துத் தேய்த்து அவள் தாளைக் கிழித்தே போட்டாள்.

தீபாவளி கழிந்து அடை மழை பிடித்தது. அவளுக்குக் காய்ச்சல். தோட்டத்து மருந்துக்காம்பராவில் கலர் தண்ணீர் மருந்தும் வில்லையும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் தேயிலைக் கொழுந்து லொறியில் போட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் அதே லொறியில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவளுடைய அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தையின் அண்ணன் தம்பி எல்லாரும் இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்து அங்கே கப்பலேறிப் போய்விட்டிருந்தார்கள். செத்த பிள்ளைக்குத் தாய்மாமன் புதுத் துணி கொண்டுவந்து போர்த்த வேண்டும், அதுதான் பிறந்த வீட்டுக் கோடி. கோடி போட ஆளில்லாமல், போட்டிருந்த சட்டையோடு அவளைப் புதைத்தார்கள். அத்தை பிள்ளைக்காக அழுததைவிட இதைச் சொல்லிச் சொல்லி அழுததுதான் அதிகம். நாம் எல்லாரும் வரிசையாக நனைந்துகொண்டு நின்றோம். ஞாபகம் இருக்கிறதா?

அந்த மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமையும் வந்தது. சேர் எல்லாருக்கும் தாள் கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு.

"ஒன் கையெழுத்து அவ எழுத்து மாதிரியே இருக்கு. இந்த மாசம் மட்டும் அவளுக்கும் சேத்து எழுதிடு," என்றார் மெதுவாக.

"அவதான் இல்லியே சேர்."

"இல்லன்னு எழுதினா பேர வெட்டிருவாங்க. மாசிக் கடைசியில வர்ற பார்சலும் வராது. பாவம், அவ அம்மாவுக்காவது கெடைக்கட்டும்."

பிறகு வகுப்பைப் பார்த்து, இதை யாரும் வீட்டில் போய்ச் சொல்லக்கூடாது, சொன்னால் எல்லாருக்கும் பிஸ்கட் நின்றுவிடும் என்றார். நாம் தலையாட்டினோம். நான் எழுதினேன். நலமாக இருக்கிறேன், நல்ல மழை பெய்கிறது, நன்றாகப் படிக்கிறேன். கடைசியில் செடியும் சூரியனும். இடைவேளையில் பிஸ்கட் கொடுக்கும்போது அவளுடைய பங்கு இரண்டையும் சேர் என் கையில் வைத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலையும் தின்றேன். அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாளும். சீ, இதை எழுதும்போதே வாயில் அந்த மாவு ருசி வருகிறது.

இந்த மாதம் மட்டும் என்று சொன்னது நிற்கவில்லை. தை பிறந்து பள்ளிக்கூடம் திறந்ததும் நம் எல்லாரையும் அளந்து சங்கத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. சேர் அதைக் கணக்குப் பாடமாகவே வைத்தார். நம் வளர்ச்சியை எல்லாம் கூட்டிச் சராசரி கண்டுபிடித்தோம், ஒரு அங்குலம் வந்தது. பிறகு பலகையில் எழுதினார்: போன வருடம் அவளுடைய உயரம் நாற்பத்தெட்டு அங்குலம். சராசரியாக வளர்ந்தால் இப்போது எவ்வளவு?

நாற்பத்தொன்பது என்று முதலில் கத்தியவர் யார் என்று எனக்குத் தெரியும். அவர் இந்தக் குழுவில் இருக்கிறார், போன வாரம் இரண்டு பூ போட்டிருக்கிறார். சேர் அவரைக் 'கெட்டிக்காரன்' என்று சொல்லித் தட்டிக்கொடுத்தார். சுகாதாரப் பாடத்தில் அதே மாதிரி அவளுக்கு எடை போட்டோம். சித்திரப் பாடத்தில் அவள் பெயரில் ஒரு வீடு வரைய வேண்டியிருந்தது, அதை வரைந்தவரும் இங்கேதான் இருக்கிறார், ஓடு போட்ட வீடாக வரைந்தார். சமயப் பாடத்தில் அவளுடைய சீமையம்மாவுக்கு நீண்ட ஆயுள் வேண்டினோம். மண்ணுக்குள் கிடந்தவளை எல்லாப் பாடத்திலும் சேர்ந்து வளர்த்தோம். யாருக்கும் அழுகை வரவில்லை. விடை சரியாக வந்ததில் சந்தோஷம்கூடப் பட்டோம்.

மாசிக் கடைசியில் பார்சல் வந்தது. வெளிர் நீலத்தில் ஒரு கவுன், கழுத்தில் வெள்ளைப் பட்டி, இடுப்பில் முடிச்சுப் போடுகிற நாடா. நாம் கணக்குப் போட்டுச் சொன்ன உயரத்துக்கு அளவெடுத்துத் தைத்த கவுன். சேர் அத்தையைக் கூப்பிட்டு, "சங்கத்துல இருந்து ஒங்களுக்கு அனுப்பியிருக்காங்க," என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார். அவர் பொய் சொல்லவில்லை என்று நினைத்திருப்பார். அத்தைக்கு அது எப்படிப் பட்டது என்பதை அவர் யோசிக்கவே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அத்தை எங்கள் காம்பராவுக்கு வந்தார். கையில் கவுன், மடித்தபடி.

"பாத்தியா புள்ள, கோடி வந்திருச்சு. கூடப் பொறந்தவனுங்க இருந்தும் வரல. முகம் தெரியாத பொம்பள, எம் மவ செத்தத கேள்விப்பட்டுப் புதுத் துணி அனுப்பியிருக்கா. கூடப் பொறந்தவ மாதிரி."

இல்லை அத்தை, அந்த அம்மாவுக்கு அவள் செத்ததே தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அத்தையின் முகத்தில் நாலு மாதத்துக்குப் பிறகு ஒரு தெளிவு இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

"நீ நல்லா எழுதுவியாமே. அந்தம்மாவுக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடு. நான் சொல்லச் சொல்ல எழுது."

நான் தாளை எடுத்தேன். அத்தை சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார், நான் எழுதினேன்.

"கும்புட்டுக்கிறேன் தாயி. எம் மவளுக்குக் கோடி போட ஆளில்ல, நீ போட்டுட்ட. மூணு நாளு காச்சல். மூணாம் நாளு காலையில பெரட்டுக்குப் பேர் குடுக்கப் போவாம வீட்டுல இருந்திருக்கலாம். பேர் விழாம சம்பளம் போயிருமேன்னு வேலைக்கிப் போனேன். மத்தியானம் வந்து பாத்தா மூச்சு வாங்குது. அத எழுதிட்டியா? ம். எங்கிட்ட அவ படம் ஒண்ணும் இல்ல தாயி. ஒங்கிட்ட ஒண்ணு இருக்குன்னு புள்ளைங்க சொல்லுதுங்க. அத அனுப்பி வையி. பாத்துட்டுத் திருப்பி வேணும்னாலும் அனுப்பிர்றேன். அவ சிரிக்கிறது எனக்கு ஞாபகம் இருக்கு. மூக்கு எப்புடி இருந்திச்சுன்னு நெனச்சுப் பாத்தா வர மாட்டேங்குது."

அத்தைக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பெற்ற பிள்ளையின் முகம்.

நான் எழுதிய கடிதங்களிலேயே உண்மையான கடிதம் அது. மறுநாள் சேரிடம் கொடுத்தேன். அவர் நின்றபடி வாசிக்கத் தொடங்கி, பாதியில் உட்கார்ந்துவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"இத எப்படி அனுப்புறது?" என்றார்.

அவர் தாளை நாலாக மடித்து மேசை இழுப்பறையில், வரவு இடாப்புக்கு அடியில் வைத்தார். "அனுப்பியாச்சுன்னு சொல்லிடு. அவங்களுக்கு ஒரு ஆறுதலா இருக்கும்."

இப்போது யோசித்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் படத்தின் பிரதி பதுளை அலுவலகத்திலேயே ஒரு கோப்பில் இருந்திருக்கும். பஸ் ஏறிப் போய்க் கேட்டிருந்தால் அன்றைக்கே கிடைத்திருக்கும். கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். அதற்குப் பயந்துகொண்டு ஒரு தாயை அலைய விட்டோம். நான் அத்தையிடம் போய், அனுப்பியாச்சு அத்தை என்றேன். அன்றிலிருந்து கொழுந்துக் கூடையோடு பள்ளிக்கூடப் பாதையால் போகும்போதெல்லாம் அத்தை என்னைப் பார்த்து, "வந்திச்சா?" என்று கேட்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன்.

சித்திரை வருஷப் பிறப்புக்கு முன்னால் சங்கத்தார் நம் பாடங்களைப் பார்க்க வந்தார்கள். மண்டபம் முழுக்கக் கடதாசித் தோரணம். அனுப்பிய உடுப்பு உள்ளவர்கள் அதைப் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று கட்டளை. முந்தின நாள் சேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த நீலக் கவுனை அத்தையிடம் வாங்கி வரச் சொன்னார். நான் போய், சங்கத்து ஆட்கள் கவுனைப் பார்க்க வேண்டுமாம் அத்தை என்றேன். அத்தை சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தார். "மண்ணுல வச்சிராத புள்ள," என்று மட்டும் சொன்னார். கோடித் துணியை உடுத்துகிற வழக்கம் யாருக்கும் கிடையாது. நான் உடுத்தினேன்.

கணக்குப் பாடத்தை வெள்ளைக்காரர்கள் கடைசி வாங்கில் உட்கார்ந்து பார்த்தார்கள். சுவரில் நம் வளர்ச்சி அட்டவணை. அதில் அவளுடைய கோடும் இருந்தது, நம் கோடுகளுக்கு நடுவே ஒழுங்காக மேலே ஏறிப் போனது. வந்தவர்கள் அட்டவணையைத் தொட்டுத் தொட்டுப் பாராட்டினார்கள். எல்லாப் பாடசாலைக்கும் இது முன்மாதிரி என்றார்கள். சேரின் முகம் பூரித்துப்போனது.

பிறகு படம். காலையில் என் பெயரைக் கூப்பிட்டபோது வெள்ளைச் சீருடையோடு போய் நின்றேன். இடைவேளைக்குப் பிறகு அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள். மண்டபம் அப்படியே அடங்கிவிட்டது. தகரத்தில் காகம் நடக்கிற சத்தம் கேட்டது. நீலக் கவுனோடு, வகிட்டை மாற்றி எடுத்து இரட்டைப் பின்னல் போட்டிருந்த என்னைச் சேர் தோளில் கை வைத்து முன்னால் தள்ளினார். அவளுடைய பெயரும் எண்ணும் எழுதிய சிலேட்டை நெஞ்சோடு பிடித்தேன். சங்கத்து ஐயா கேமராவுக்குள் பார்த்தார். தலையைத் தூக்கி என்னை ஒரு தடவை பார்த்தார். காலையில் எடுத்த பிள்ளை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதுவரை அவருக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டாலும் அப்போது தெரிந்துவிட்டது. அவர் மறுபடி குனிந்து, "கொஞ்சம் சிரிம்மா," என்றார்.

நான் சிரித்தேன். நீங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. சின்னப் பிள்ளைகள், நமக்கு என்ன தெரியும் என்று சொல்லாதீர்கள். தெரிந்ததனால்தான் மண்டபம் அத்தனை அமைதியாக இருந்தது.

கவுனைத் திருப்பிக் கொடுத்தபோது அத்தை அதை மோந்து பார்த்தார். என் வியர்வை வாசம் அதில் இருந்திருக்கும். ஒன்றும் கேட்காமல் மடித்து வைத்தார்.

ஆடி மாதம், கச்சான் காற்று தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குச் சேர் பள்ளிக்கூடத்தில் இல்லை, நம் முன்மாதிரிப் பாடங்களைப் பற்றி மற்ற அதிபர்களுக்கு விளக்கப் பதுளைக்குப் போயிருந்தார். சங்கத்து ஜீப் வந்து கடிதக் கட்டைக் கொடுத்துவிட்டுப் போனது. அந்த மாதம்தான் வேலைக்கு வந்த சின்ன டீச்சருக்கு எதுவும் தெரியாது. ஒரு உறையில் அவளுடைய பெயரை எழுதி 'பெற்றோருக்கு' என்று போட்டிருந்ததால், யாருடைய பிள்ளை என்று விசாரித்து, பாதையில் போன அத்தையைக் கூப்பிட்டுக் கையிலேயே கொடுத்துவிட்டார்.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அத்தை வாசலில் காத்திருந்தார். வேலை விட்டு வந்து குளித்து, துவைத்த சேலை கட்டியிருந்தார். உள்ளே ஒரு தாம்பாளத்தில் இரண்டு பூவும் வெற்றிலையும் வைத்து, அதன்மேல் அந்த உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நான் கேட்டத அனுப்பிட்டா புள்ள. அட்ட மாதிரி கையில தட்டுப்படுது. நீயே பிரி."

பிரித்தேன். ஒரு தாளும், அட்டையில் ஒட்டிய படமும். அத்தை படத்தை என்னிடமிருந்து வாங்கி வெளிச்சத்துக்காக வாசலுக்குக் கொண்டுபோனார். காற்றில் பறந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பி ஓடியிருக்கலாம்.

"கடுதாசியப் படி," என்றார் திரும்பாமலே.

அதைச் சங்கத்தில் தமிழில் மாற்றித் தட்டச்சு செய்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கிற குரலில்தான் எனக்கு வாசிக்க வந்தது. "உங்கள் மகள் எவ்வளவு அழகாக வளர்ந்துவிட்டாள். நான் அனுப்பிய கவுன் அவளுக்குச் சரியாக இருப்பதைப் பார்த்து மகிழ்ந்தேன். அவளுடைய கடிதங்கள் ஒவ்வொரு மாதமும் எனக்குக் கிடைக்கின்றன. அவளை நல்லபடியாக வளர்க்கும் உங்களுக்கு என் வாழ்த்துகள்."

"ஒவ்வொரு மாசமும்?"

"ஆமா அத்தை."

"யார் எழுதுனது?"

"நான்தான்."

"நான் சொல்ல எழுதினியே, அது?"

"சேரோட மேசைக்குள்ள இருக்கு அத்தை."

அத்தை என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் உள்ளே போய்த் தன் புருஷன் முகம் வழிக்கிற பிளேடை எடுத்துவந்தார். படத்தைப் பலகையில் வைத்து, நுனியால் மெதுவாக, தலைமுடியோரமாகச் சுற்றி, கழுத்துப் பட்டிக்கு மேலே கோணாமல் வெட்டினார். கொழுந்து கிள்ளிப் பழகிய கை, ஒரு இடத்திலும் பிசகவில்லை. கவுனில் ஒரு கீறல் விழவில்லை. பிறகு என் முகத்தை இரண்டு விரலால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது ஒன்னோடது. நீ வச்சுக்க. மத்தது எம் மவளோடது."

முகம் இருந்த இடம் ஓட்டையாக, நீலக் கவுனும் சிலேட்டும் சிலேட்டில் அவளுடைய பெயருமாக அந்தப் படத்தை விளக்குக்கு மேலே ஆணியில் மாட்டினார். தாம்பாளத்துப் பூவை எடுத்து அதற்கு வைத்தார். அவளுடைய முகம் இருக்கிற படம் இன்றைக்கு எந்த நாட்டில் எந்தக் குப்பையில் போனதோ தெரியாது. அத்தைக்குச் சாகும்வரை அது கிடைக்கவில்லை.

நான் வெளியே இறங்கும்போது அத்தை கூப்பிட்டுச் சொன்னார். "நான் வந்தா என் வாயில நல்ல வார்த்த வராது. நீ போயி ஒங்க சேருகிட்டச் சொல்லு. எம் மவ செத்துட்டான்னு அந்தம்மாவுக்கு எழுதச் சொல்லு. அது போதும் எனக்கு."

சொல்கிறேன் என்று தலையாட்டினேன். நான் சேரிடம் சொல்லவில்லை. கடைசி வெள்ளிக்கிழமை சேர் இரண்டு தாளை நீட்டினார். இரண்டையும் வாங்கி எழுதினேன்.